வெற்றிடத்துக்கு எடை உண்டா?



ஒரு பெட்டியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர். உள்ளே காற்றில்லை, தூசியில்லை, ஒளியில்லை, ஓர் அணுவும் இல்லை. சுத்த வெற்றிடம். வானியல் அளவீடுகள் இன்று சொல்வதை ஏற்றுக்கொண்டால், அந்தப் பெட்டிக்குள் ஏறத்தாழ அரை ஜூல் ஆற்றல் இருக்கிறது. நூறு கிராம் எடையுள்ள ஒரு கொய்யாப்பழத்தைத் தரையிலிருந்து அரை மீட்டர் தூக்கினால் செலவாகிற ஆற்றல் அவ்வளவுதான். பூமியின் பருமனுக்குச் சமமான வெற்றிடத்தை எடுத்து அதன் ஆற்றலை நிறையாகக் கணக்கிட்டால் ஆறு மில்லிகிராம் சொச்சம் தேறும். ஓர் அரிசிமணி அதைவிடக் கனம்.

இத்தனை அற்பமான சரக்குதான் பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றல் கணக்கில் ஏறத்தாழ 68 சதவீதம் என்கிறது பிளாங்க் விண்கலத்தின் அளவீடு. நாம் காணும் விண்மீன்கள், கோள்கள், வாயு மேகங்கள், நம் உடம்பு எல்லாம் சேர்ந்து 5 சதவீதம். மிச்சம் 27 சதவீதம் இன்னதென்று தெரியாத இருள்பொருள். பிரபஞ்சத்தில் பெரும்பாகம் காலி இடம். அந்தக் காலி இடத்தில் எங்கு எடுத்தாலும் துளி ஆற்றல் இருக்கிறது என்றால், கூட்டிப் பார்க்கும்போது அதுவே எல்லாவற்றையும் முந்திவிடுகிறது.

இதே பெட்டிக்குக் குவாண்டம் இயற்பியலும் ஒரு கணக்குப் போடுகிறது. அந்த விடை வானம் சொல்லும் விடையைப்போல், 1-க்குப் பின்னால் 120 பூஜ்யங்கள் போட்டால் என்ன எண் வருமோ அத்தனை மடங்கு என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். இயற்பியல் வரலாற்றிலேயே படுமோசமான கணிப்பு என்று அதற்குப் பட்டமும் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 120 பூஜ்யங்களைப் பார்த்து மலைக்கிறவருக்கு, சிக்கல் எங்கோ யாரும் எட்ட முடியாத ஆற்றல் அளவுகளில் கிடக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். உண்மையில் அது மிகப் பக்கத்தில் இருக்கிறது. இந்த அரங்கின் விளக்குக் கம்பிகளில் ஓடிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரானில் இருக்கிறது. அதைக் காட்டத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில், ஒன்றுமில்லாத இடத்தில் ஆற்றல் எப்படி வந்தது?

1908-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார். அதை உறையவும் வைத்துவிட வேண்டும் என்று பின்னர் பல ஆண்டுகள் முயன்றார். வெப்பநிலையை ஒரு கெல்வினுக்கும் கீழே, தனிப் பூஜ்யத்தின் வாசலுக்கே கொண்டுபோனார். ஹீலியம் உறையவில்லை. அவர் இறந்த 1926-ஆம் ஆண்டில்தான் அதே ஆய்வகத்தில் கீசம் என்பவர் திட ஹீலியத்தைக் கண்டார். குளிரோடு அழுத்தமும் தேவைப்பட்டது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் குறைந்தது 25 மடங்கு அழுத்தினால்தான் அது உறைகிறது.

ஏன் இப்படி? ஓர் அணுவை ஓரிடத்தில் அசையாமல் உட்கார வைக்கக் குவாண்டம் விதி இடம் தருவதில்லை. இடம் துல்லியமாகத் தெரிந்தால் உந்தம் கலங்கிவிடும். உந்தம் அடங்கினால் இடம் பரவிவிடும். ஆகவே எவ்வளவு குளிர்வித்தாலும் எடுக்கவே முடியாத ஓர் அசைவு மிஞ்சும். அதன் பெயர் பூஜ்யநிலை ஆற்றல். ஹீலியம் எடை குறைந்த அணு. ஒன்றையொன்று இழுக்கும் விசையும் அதற்கு மிகக் குறைவு. இந்த மிச்ச அசைவு ஒன்றே அதை உறையவிடாமல் கலைத்துக்கொண்டிருக்கப் போதும். கண்ணாடிக் குடுவைக்குள் திரவமாகவே கிடக்கும் அந்த ஹீலியம்தான் பூஜ்யநிலை ஆற்றலுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி.

அணுவுக்கு உள்ள இந்த நியதி புலத்துக்கும் உண்டு. மின்காந்தப் புலம் எங்கும் நிறைந்தது. ஒவ்வொரு அலைநீளத்திலும் அது அதிரலாம். ஒளியை முழுவதுமாக வெளியேற்றிவிட்டாலும், ஒவ்வோர் அதிர்வு முறைக்கும் அரைக் குவாண்டம் அளவு ஆற்றல் மிஞ்சுகிறது. அரைக் குவாண்டம் என்பது சிறிய தொகைதான். ஆனால் அலைநீளம் குறையக் குறைய அதிர்வு முறைகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது; ஒவ்வொன்றின் பங்கும் கூடிக்கொண்டே போகிறது. கூட்டினால் முடிவிலி வரும். எங்காவது ஓரிடத்தில் கணக்கை நிறுத்தியாக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் விடையே அடங்கியிருக்கிறது.

வெற்றிடமே இப்படிப்பட்ட ஆற்றலால் நிறைந்திருக்கலாம் என்று 1916-இலேயே வால்டர் நெர்ன்ஸ்ட் எழுதினார். 1920-களில் ஹாம்பர்க்கில் இருந்த வொல்ஃப்காங் பாலி அதற்கு ஓர் எளிய சோதனை வைத்துப் பார்த்தார். எலெக்ட்ரானின் ஆரம் என்று அக்காலத்தில் கருதப்பட்ட நீளத்தோடு கூட்டலை நிறுத்தினார். வந்த ஆற்றலுக்கு ஈர்ப்பும் உண்டென்றால் பிரபஞ்சம் எவ்வளவு வளையும் என்று பார்த்தார். நிலா வரைகூட எட்டாது என்று விடை வந்தது. பல பதிற்றாண்டுகள் கழித்து நார்பர்ட் ஸ்ட்ராமன் அதே கணக்கைத் திரும்பப் போட்டார். பிரபஞ்சத்தின் ஆரம் 31 கிலோமீட்டர் என்று கிடைத்தது. பாலி முடிவு செய்தார்: இந்த ஆற்றலுக்கு ஈர்ப்பு இருக்க முடியாது, கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். இயற்பியலாளர்களில் பெரும்பாலோர் அடுத்த நாற்பது ஆண்டுகள் அப்படித்தான் தள்ளிவைத்தார்கள்.

தள்ளிவைக்கலாம் என்று நினைத்தபோது அது வேறொரு கதவு வழியாக உள்ளே வந்தது. அந்தக் கதையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஓவர்பேக் என்பவர் கூழ்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை, தொலைவு கூடும்போது எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைவதாக அவருக்குப் பட்டது. அதே ஆய்வகத்தின் ஹென்ட்ரிக் காசிமிரும் டிர்க் போல்டரும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். மின்காந்த விசை ஒளியின் வேகத்தில்தான் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தைச் சேர்த்துக்கொண்டால் ஓவர்பேக் சொன்னது சரியாக வந்தது. நீண்ட கணக்கு, ஆனால் விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிமை. இவ்வளவு எளிய விடை எங்கிருந்து வந்தது என்று காசிமிருக்கு உறுத்தல். அதை நீல்ஸ் போரிடம் சொன்னபோது, பூஜ்யநிலை ஆற்றலோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்று போர் முணுமுணுத்தாராம். காசிமிருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் எதிரெதிரே மிக நெருக்கமாக வைப்போம். மின்னேற்றம் எதுவும் இல்லை. தகடுகளுக்கு நடுவே எல்லா அலைநீளங்களும் இருக்க முடியாது; இடைவெளிக்குள் பொருந்துகிறவை மட்டுமே இருக்கலாம். வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளே இருக்கும் பூஜ்யநிலை ஆற்றலும் வெளியே இருப்பதும் வேறுபடுகின்றன. இரண்டுமே முடிவிலி, ஆனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தெளிவான, அளக்கக்கூடிய ஒரு தொகை மிஞ்சுகிறது. அந்த வித்தியாசம் தகடுகளை ஒன்றையொன்று நோக்கித் தள்ளுகிறது. 1948-இல் காசிமிர் வெளியிட்ட முடிவு இது. இடைவெளி ஒரு மைக்ரான் என்றால் அழுத்தம் ஒரு பாஸ்கலில் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இடைவெளியைப் பத்து நானோமீட்டருக்குக் குறைத்தால் அதுவே வளிமண்டல அழுத்தத்தை எட்டிவிடுகிறது. தொலைவு பாதியானால் விசை பதினாறு மடங்கு.

அளந்து பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. 1958-இல் ஸ்பார்னே செய்த சோதனையில் பிழையின் அளவே விசையின் அளவுக்கு இருந்தது. இரண்டு தட்டையான பரப்புகளை மைக்ரான் இடைவெளியில் துளியும் சாயாமல் இணையாக நிறுத்த வேண்டும்; நடுவே ஒரு தூசி விழுந்தால் போயிற்று. 1997-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் லாமோரோ ஒரு தகட்டுக்குப் பதிலாகக் கோள வளைவுள்ள கண்ணாடியை வைத்தார். கோளத்துக்கு இணையாக நிற்க வேண்டிய கவலை இல்லை. தங்கம் பூசிய அந்த வளைந்த பரப்பை நோக்கி, முறுக்குத் தராசில் தொங்கிய தட்டு நகர்வதை 5 சதவீதத் துல்லியத்தில் அளந்தார். அடுத்த ஆண்டே உமர் மொகிதீனும் அனுஸ்ரீ ராயும் அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டு அதை ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காசிமிர் விசையை அளந்துவிட்டோம், ஆகவே வெற்றிட ஆற்றலை அளந்துவிட்டோம் என்று பலர் எழுதுகிறார்கள். அளந்தது வித்தியாசத்தை மட்டுமே. மொத்தத்தை யாரும் அளக்கவில்லை. அதே விசையை, தகடுகளில் உள்ள மின்துகள்கள் ஒன்றையொன்று தாக்குவதாகக் கொண்டு, வெற்றிட ஆற்றல் என்ற பேச்சே இல்லாமலும் கணக்கிட முடியும் என்று 2005-இல் ராபர்ட் ஜாஃபி காட்டினார். வெற்றிடத்திலிருந்து இலவச மின்சாரம் எடுக்கலாம் என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் காசிமிர் பெயரைத்தான் உச்சரிக்கிறார்கள். வெற்றிடம் என்பது ஆற்றலின் கடைசிப் படி. அதற்குக் கீழே இறங்க வேறு படி இல்லை. இறங்காமல் ஆற்றல் கைக்கு வராது. தயவுசெய்து யாரும் ஏமாந்துவிடாதீர்கள்.

இயற்பியலின் மற்றத் துறைகள் எல்லாவற்றிலும் வித்தியாசமே போதும். அருவி நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதுதான் மின் உற்பத்திக்குத் தேவை. அணை கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பது தேவையில்லை. ஈர்ப்பு மட்டும் அப்படி இல்லை. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் மொத்த ஆற்றலும் வெளியை வளைக்கும். வெற்றிடத்துக்கு ஆற்றல் இருந்தால் ஈர்ப்பு அதைக் கண்டுபிடித்துவிடும். பிரபஞ்சம் முழுவதும் ஒரு தராசு.

அந்தத் தராசில் வெற்றிடத்துக்கு இடம் ஒதுக்கியவர் ஐன்ஸ்டைனே. 1917-இல், விரியாமலும் சுருங்காமலும் நிற்கும் பிரபஞ்சத்தைப் பெறுவதற்காகத் தன் சமன்பாட்டில் அண்டவியல் மாறிலி என்ற உறுப்பைச் சேர்த்தார். கிரேக்க எழுத்து லாம்டாவால் அதைக் குறிப்பது வழக்கம். 1922-இல் ஃபிரீட்மனும் 1927-இல் லெமேத்ரும் பிரபஞ்சம் நிலையாக நிற்க வேண்டியதில்லை என்று காட்டினார்கள். 1929-இல் ஹபிளின் அளவீடு வந்தது: தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகுகின்றன. 1931-இல் ஐன்ஸ்டைன் லாம்டாவைக் கைவிட்டார். பெல்ஜியத்துப் பாதிரியாரான லெமேத்ர் கைவிடவில்லை. 1934-இல் அவர் அந்த உறுப்புக்குப் புதிய பொருள் சொன்னார்: அது வெற்றிடத்தின் ஆற்றல் அடர்த்தி; அதோடு ஓர் எதிர் அழுத்தமும் சேர்ந்து வரும்.

எதிர் அழுத்தம் எப்படி விரிவைத் துரிதப்படுத்தும் என்பது பலரும் தடுமாறுகிற இடம். ஒரு சிரிஞ்சின் நுனியை அடைத்துவிட்டோம், உள்ளே நம் வெற்றிடம் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டை வெளியே இழுக்கிறோம். உள்ளே காற்று இருந்திருந்தால் அது நீர்த்துப்போகும். வெற்றிடம் நீர்க்காது, ஒரு கன சென்டிமீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் இருந்ததோ அதேதான் இப்போதும். இடம் கூடிவிட்டதால் மொத்த ஆற்றல் கூடிவிட்டது. கூடிய ஆற்றல் எங்கிருந்து வந்தது? இழுத்த கையிலிருந்து. அப்படியானால் வெற்றிடம் தண்டை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, கை அதை எதிர்த்து வேலை செய்தது என்று பொருள். உள்ளே இழுப்பதுதான் எதிர் அழுத்தம்.

உள்ளே இழுப்பது எப்படிப் பிரபஞ்சத்தை விலக்கும்? பிரபஞ்சத்துக்குத் தண்டும் இல்லை, சுவரும் இல்லை. எங்கும் ஒரே அழுத்தமாக இருக்கும்போது அந்த இழுப்பு எதையும் நகர்த்தாது. நகர்த்துவது ஈர்ப்பு. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் ஆற்றலைப்போல அழுத்தத்துக்கும் ஈர்ப்பு உண்டு; வெளியின் மூன்று திசைகளுக்காக அது மூன்று முறை கணக்கில் சேரும். வெற்றிடத்தின் அழுத்தம் ஆற்றல் அடர்த்திக்குச் சமமான அளவு, எதிர்க்குறியோடு. ஒன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் மிஞ்சுவது கழித்தல் இரண்டு. ஈர்ப்பு விலக்கலாகிறது. எனக்குத் தெரிந்தவரை இயற்பியலில் இதைவிடச் சுருக்கமான கணக்கு இவ்வளவு பெரிய விளைவைச் சொன்னதில்லை.

இனி வானத்துக்கு வருவோம். இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அப்போது 19 வயது. எரிந்து முடிந்த விண்மீனின் கருவான வெண்குள்ளன் ஒரு நிறை வரம்புக்கு மேல் தன் எடையைத் தாங்காது என்று அந்தப் பயணத்தில் கணக்கிட்டார். சூரியனைப்போல் 1.4 மடங்கு என்று இன்று நாம் சொல்லும் வரம்பு அதுதான். 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் அதை எல்லோர் முன்னிலையிலும் மறுத்தார். அதே எடிங்டன்தான் ஐன்ஸ்டைனே கைவிட்ட லாம்டாவைக் கடைசிவரை விடாப்பிடியாக ஆதரித்தவர். அவர் நேசித்த லாம்டாவுக்கு ஆதாரம் கிடைத்தது எந்த விண்மீன்களிலிருந்து தெரியுமா? அவர் ஏற்க மறுத்த அந்த வரம்பை நெருங்கும் வெண்குள்ளன்களிலிருந்து.

பக்கத்து விண்மீனிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டோ, இன்னொரு வெண்குள்ளனோடு மோதியோ வெடிக்கும் வெண்குள்ளன்களை ஒன்று-ஏ வகை சூப்பர்நோவா என்கிறோம். சில வாரங்களுக்கு ஒரு விண்மீன் மண்டலத்துக்கே ஈடுகொடுக்கும் ஒளி. எல்லாம் சம ஒளி கொண்டவை அல்ல. ஆனால் அதிக ஒளியுள்ளவை மெதுவாக மங்குகின்றன என்று 1993-இல் மார்க் பிலிப்ஸ் காட்டினார். மங்கும் வேகத்தைப் பார்த்து உண்மையான ஒளியைச் சொல்லிவிடலாம். உண்மை ஒளியும் தோற்ற ஒளியும் தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடும்.

இவை எங்கே, எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டால் ஆறு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். சால் பெர்ல்மட்டரின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. அமாவாசை முடிந்ததும் வானத்தின் ஒரு பகுதியில் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்களைப் படம் பிடிப்பார்கள். மூன்று வாரம் கழித்து, அடுத்த அமாவாசைக்கு முன்பு, அதே பகுதியை மீண்டும். இரண்டாவது படத்திலிருந்து முதல் படத்தைக் கணினியில் கழித்தால், புதிதாக வந்த புள்ளிகள் மட்டும் மிஞ்சும். அத்தனை மண்டலங்களில் ஏதாவது சிலவற்றில் வெடிப்பு நடந்தே இருக்கும். நிலவில்லாத இரவுகள் அடுத்து வரிசையாக இருப்பதால், ஹவாயின் கெக் தொலைநோக்கியில் உடனே நிறமாலை எடுத்துவிடலாம். பிரையன் ஷ்மித்தும் ஆடம் ரீஸும் இருந்த இன்னொரு குழுவும் சிலியின் செரோ டொலோலோவில் இதேபோல் வேட்டையாடியது.

ஈர்ப்பினால் விரிவு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளப்பதுதான் இரு குழுக்களின் நோக்கம். 1997-இன் பிற்பகுதியில் ரீஸின் கணினி, பிரபஞ்சத்திலுள்ள பொருளின் அடர்த்தி எதிர்க்குறி என்று விடை தந்தது. பொருள் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. லாம்டாவைச் சேர்த்ததும் எல்லாம் பொருந்தியது. தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 25 சதவீதம் மங்கலாக இருந்தன. அதாவது இன்னும் தூரத்தில் இருந்தன. விரிவு தளரவில்லை, முடுக்கம் பெற்றிருக்கிறது. போட்டியாளர்களான இரு குழுக்களும் 1998-இல் ஒரே முடிவைச் சொன்னார்கள். நடுவே ஏதோ தூசி ஒளியை மறைக்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. 2001-இல் இன்னும் தொலைவான ஒரு சூப்பர்நோவாவை ஆராய்ந்தபோது, தூசி என்றால் இருக்க வேண்டியதைவிட அது பிரகாசமாக இருந்தது. பழங்காலத்தில் பொருள் நெருக்கமாக இருந்தபோது விரிவு தளர்ந்தது. ஏறத்தாழ 600 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பொருள் போதிய அளவு நீர்த்த பிறகு, நீர்க்காத வெற்றிடத்தின் கை ஓங்கியது. 2011-இல் பெர்ல்மட்டர், ஷ்மித், ரீஸ் மூவருக்கும் நோபல் பரிசு.

இப்போது இரண்டு உண்மைகள் நம் கையில் இருக்கின்றன. புலங்களுக்குப் பூஜ்யநிலை ஆற்றல் உண்டு. பிரபஞ்சத்தின் விரிவு, வெற்றிட ஆற்றல் இருந்தால் எப்படி முடுக்கம் பெறுமோ அப்படியே முடுக்கம் பெறுகிறது. முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணமா? சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் செல்டோவிச் 1967-இலேயே இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டார். பாலி தள்ளிவைத்ததை அவர் மேசைக்கு மீட்டார்.

120 பூஜ்யங்கள் எப்படி வருகின்றன என்றால், நமக்குத் தெரிந்த கோட்பாடுகளை யாரும் சோதித்திராத பிளாங்க் அளவு வரை நீட்டிப் பிடித்து, அங்கே கூட்டலை நிறுத்துவதால். அந்த எல்லை ஓர் ஊகம். ஊகத்தைக் கணிப்பு என்று சொல்லிவிட்டுப் பொய்த்தது என்று சொல்வதில் நியாயமில்லை. ஆகவே எல்லையைக் கீழே கொண்டுவருவோம், நமக்கு ஐயமே இல்லாத இடத்துக்கு. எலெக்ட்ரான். அதன் காந்தப் பண்பைக் கோட்பாடு பத்து தசம இடங்களுக்கு மேல் சரியாகச் சொல்கிறது. 1947-இல் வில்லிஸ் லாம்பும் ரெதர்ஃபோர்டும் அளந்த ஹைட்ரஜன் ஆற்றல்நிலை வேறுபாடு, வெற்றிட அலைவுகள் எலெக்ட்ரானை உலுக்குவதால் வருவது என்று ஹான்ஸ் பெத்தே ரயிலில் போய்க்கொண்டே கணக்கிட்டார். அப்படிப்பட்ட எலெக்ட்ரான் புலம் வெற்றிட ஆற்றலுக்குத் தன் நிறையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஒரு பங்கு தருகிறது. அந்த ஒரு பங்கு மட்டுமே வானம் காட்டும் தொகையைப்போல், 1-க்குப் பின்னால் சுமார் 30 பூஜ்யங்கள் போட்ட எண்ணளவு மடங்கு. பிளாங்க் அளவு வேண்டாம், புதிய துகள் வேண்டாம். எலெக்ட்ரான் ஒன்று போதும், பொருந்தாமைக்கு.

மற்றத் துகள்களைச் சேர்த்தால் இன்னும் மோசம். எல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன என்று சொல்லலாமே? சொல்லலாம். ஆனால் தற்செயலாக அத்தனை இலக்கங்களும் கழிந்து, கடைசியில் பூஜ்யமாகாமல் துளி மட்டும் மிஞ்ச வேண்டும். மேலும், பிரபஞ்சம் குளிர்ந்தபோது ஹிக்ஸ் புலம் இன்றுள்ள நிலைக்கு மாறியது. பின்னர் குவார்க்குகள் புரோட்டான்களுக்குள் அடைபட்டன. ஒவ்வொரு மாற்றத்திலும் வெற்றிடத்தின் ஆற்றல் பெரும் அளவில் குதித்திருக்கும். அந்தக் குதிப்புகளையெல்லாம் முன்கூட்டியே அறிந்து ஈடுகட்டியதுபோல் லாம்டா அமைந்திருக்க வேண்டும். துகள்களுக்கு இணைத் துகள்கள் இருந்து எதிர்க்குறிப் பங்குகளால் சமன் செய்யும் என்ற மீச்சீர்மைக் கருத்து அழகானது. ஆனால் ஜெனீவாவின் பெரிய துகள் மோதியில் அந்த இணைகள் இதுவரை தென்படவில்லை.

ஸ்டீவன் வைன்பர்க் 1987-இல் வேறு திசையில் யோசித்தார். வெற்றிட ஆற்றல் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் விண்மீன் மண்டலங்களே திரண்டிருக்காது. கேள்வி கேட்க ஆளும் இருந்திருக்க மாட்டார்கள். பல பிரபஞ்சங்களில் பல மதிப்புகள் இருந்தால், நாம் காணும் மதிப்பு அந்த வரம்புக்குள், ஆனால் அதைவிட மிகமிகச் சிறியதாக இல்லாமல் இருக்கும். 1998-இன் அளவீடு அதோடு ஒத்துப்போனது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் வேறு பிரபஞ்சங்களைப் பார்க்க வழியில்லாதவரை அதோடு திருப்திப்பட என்னால் முடியவில்லை. திருவனந்தபுரத்தில் பிறந்து புனேயில் பணியாற்றிய தாணு பத்மநாபன் 2021-இல் மறையும்வரை இன்னொரு வழியை வற்புறுத்தி வந்தார்: ஆற்றலோடு எந்த மாறிலியைக் கூட்டினாலும் கண்டுகொள்ளாததாக ஈர்ப்பையே புதிதாக எழுத வேண்டும் என்றார். சிக்கல் எங்கே இருக்கிறதோ அங்கே கைவைக்கும் யோசனை அது என்பதால் எனக்கு அதில் மதிப்பு அதிகம்.

பாலி சொன்னதுபோல் குவாண்டம் வெற்றிட ஆற்றலுக்கு ஈர்ப்பே இல்லை என்று விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். அதற்குச் சோதனைக்கூடத்தில் பதில் இருக்கிறது. லாம்ப் கண்ட அதே வெற்றிட விளைவு, அணுக்கருவின் மின் ஆற்றலிலும் ஒரு சிறு பங்காக இருக்கிறது. அலுமினியத்தில் அந்தப் பங்கு ஒரு விகிதம், பிளாட்டினத்தில் வேறு விகிதம். அந்தப் பங்குக்கு ஈர்ப்பு இல்லை என்றால் இரண்டு உலோகங்களும் வெவ்வேறு முடுக்கத்தில் விழ வேண்டும். இல்லை, ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு துல்லியத்தில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. ஆக, அணுவுக்குள் இருக்கும்போது அந்த ஆற்றலுக்கு எடை உண்டு. அணுவே இல்லாத இடத்தில் அதே ஆற்றலுக்கு எடை இல்லாமல் போவது எப்படி என்பதுதான் கேள்வி.

மிகக் குறுகிய அலைநீளங்களை ஈர்ப்பு காணாமல் விட்டுவிடலாமோ? பிரபஞ்ச விரிவை முடுக்கும் ஆற்றலுக்கு இருள் ஆற்றல் என்று பெயர்; அதன் அடர்த்தியை நீளமாக மாற்றினால் சுமார் 85 மைக்ரான் வருகிறது, ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன். அதைவிடக் குறைந்த நீளத்தில் ஈர்ப்பு தளர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று துளையிட்ட வட்டத் தட்டுகளை முறுக்குத் தராசில் தொங்கவிட்டு இதைத்தான் சோதித்தது. 2007-இல் 56 மைக்ரான், 2020-இல் 52 மைக்ரான் வரை இறங்கிப் பார்த்தார்கள். நியூட்டனின் தலைகீழ் வர்க்க விதி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

இத்தாலியின் சார்டினியாத் தீவில் சோஸ் எனத்தோஸ் என்ற பழைய சுரங்கத்தில் ஆர்க்கிமிடிஸ் என்ற தராசு அமைகிறது. நில அதிர்வின் சலசலப்பு மிகக் குறைந்த இடம் அது. மீக்கடத்திப் படிகம் ஒன்றில் அணு அடுக்குகள் நெருங்கிய தகடுகள்போல் அமைந்திருக்கின்றன. குளிர்வித்தால் அவை மீக்கடத்தியாகி உள்ளே காசிமிர் ஆற்றல் மாறும், சூடாக்கினால் பழையபடி. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே அந்தப் படிகத்தின் எடை துளி மாறுகிறதா என்று தராசில் பார்ப்பது திட்டம். வெற்றிட ஆற்றலின் மாற்றத்தை நேரடியாக நிறுக்கும் முயற்சி இது.

வானத்திலும் ஒரு புதுச் செய்தி. அரிசோனாவின் கிட் பீக் மலையில், மேயால் தொலைநோக்கியில் டெசி என்ற கருவி 5,000 ஒளியிழைகளை ரோபோக்களால் நகர்த்தி, ஒரே நேரத்தில் அத்தனை விண்மீன் மண்டலங்களின் நிறமாலையை எடுக்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மண்டலங்களையும் குவேசார்களையும் வைத்து 2025 மார்ச்சில் அது வெளியிட்ட முடிவு, மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, இருள் ஆற்றல் மாறாததாக இல்லை, அண்மைக் காலத்தில் தளர்ந்து வருகிறது என்ற பக்கம் சாய்கிறது. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தச் சாய்வு, புள்ளியியல் உறுதியின் அளவான சிக்மாவில், 2.8 முதல் 4.2 வரை. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். அது வரும்வரை நான் பொறுத்திருப்பேன். நீங்களும் பொறுத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யூக்ளிட் விண்கலமும் சிலியின் ரூபின் ஆய்வகமும் வேலையைத் தொடங்கிவிட்டன. அவை தரும் தரவில் இந்தச் சாய்வு நிற்கலாம், மறையலாம்.

நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். காலத்தோடு மாறுவது வெற்றிடத்தின் ஆற்றலாக இருக்க முடியாது. வெற்றிட ஆற்றல் நீர்க்காது, தளராது. அப்போது விரிவை முடுக்குவது வேறொரு புலம் என்றாகிவிடும். வெற்றிடத்தின் சொந்தப் பங்கு, நாம் அளந்த அந்த அரை ஜூலைவிடவும் குறைவாகவோ பூஜ்யமாகவோ இருக்க வேண்டிவரும். எலெக்ட்ரான் தர வேண்டிய பங்கு அப்போதும் அப்படியே இருக்கும். அது ஏன் பிரபஞ்சத்தின் தராசில் ஏறவில்லை என்பதற்கு நாம் அப்போதும் காரணம் சொல்லியாக வேண்டும்.